உண்டியலில் விழும் டாலர் எந்தக் குழந்தையைத் தேடிப் போகிறது?

அமெரிக்கத் தேவாலயங்கள் பலவற்றில் கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் ஒரு சுவர் முழுக்க உறைகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று முதல் நூறு வரை எண்ணிட்ட உறைகள். ஏழாம் உறையை எடுப்பவர் அதில் ஏழு டாலர் வைத்துத் தர வேண்டும். தொண்ணூறாம் உறையை எடுப்பவர் தொண்ணூறு டாலர். நூறும் தீர்ந்தால் 5,050 டாலர் சேர்ந்துவிடும். பதின்வயதுப் பிள்ளை ஒருவர் ஹோண்டுராசுக்கோ கென்யாவுக்கோ போய், இரண்டு வாரம் ஏழைக் குழந்தைகளோடு இருந்துவிட்டுத் திரும்ப அது தாராளமாகப் போதும்.

உறைகள் போதாதென்றால் கார் கழுவுவார்கள், கேக் சுட்டு விற்பார்கள், வீட்டிலுள்ள பழைய சாமான்களை முற்றத்தில் பரப்பி விலை போடுவார்கள். பிரிட்டனில் மாணவர்கள் பல்பொருள் அங்காடிகளில் நின்று வாடிக்கையாளர்களின் பைகளை நிரப்பிக் கொடுத்து உண்டியலை நீட்டுவார்கள். கிளிமஞ்சாரோ மலையில் ஏறப் போவதாகச் சொல்லி உறவினர்களிடம் கையெழுத்தும் காசும் வாங்குவார்கள். சிங்கப்பூரில் கம்போடியா, லாவோஸ், வியட்நாம் என்று கிளம்பும் மாணவர் குழுக்களும் இதே போலத்தான் கையில் எதையாவது வைத்துக்கொண்டு விற்கின்றன. 2010-இல் கோஃபண்ட்மீ என்ற இணைய நிதி திரட்டும் தளம் தொடங்கிய பிறகு கடிதம் எழுதி அஞ்சல்தலை ஒட்டும் வேலைகூட மிச்சம். ஒரு படம், நான்கு பத்தி, இலக்குத் தொகை, அவ்வளவுதான்.

அந்த நான்கு பத்திகளும் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். வறுமையில் வாடும் குழந்தைகள். அவர்களுக்கு அன்பும் ஆங்கிலமும் தரப் போகும் நான். உங்கள் உதவி இல்லாமல் இது நடக்காது. இலக்குத் தொகை மூவாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் விமான டிக்கெட், விசா, மஞ்சள் காய்ச்சல், டைஃபாய்டு தடுப்பூசிகள், காப்பீடு, ஏற்பாடு செய்யும் நிறுவனத்தின் கட்டணம், குழுவுக்கு ஒரே நிறத்தில் டி-ஷர்ட் எல்லாம் அடக்கம். இவையெல்லாம் போக அந்த ஊரில் இறங்கும் தொகை எவ்வளவு என்பதைக் கடிதம் சொல்வதில்லை. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. பயணியின் செலவும் குழந்தைக்கான கொடையும் ஒரே உண்டியலில் விழுந்து கலந்துவிடுகின்றன. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது கொடுப்பவருக்கும் தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. இந்தக் கலப்பு கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிட்டால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. மறுமுனையில் எப்படிப்பட்ட உதவி உருவாகிறது என்பதையே அது முடிவு செய்கிறது.

தன்னார்வலர் தன் பயணத்துக்குத் தானே பணம் திரட்டுவது பழைய வழக்கம் அல்ல. தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் வி.எஸ்.ஓ. அமைப்பு பிரிட்டனில் 1958-இல் தொடங்கியது. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான அமைதிப் படை (பீஸ் கோர்) 1961-இல் கென்னடி காலத்தில் வந்தது. அமைதிப் படையில் சேர்பவர் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும், மொழி கற்க வேண்டும். பயணச் செலவையும் கைச்செலவையும் அரசு ஏற்கும். செலவை ஏற்பவர் ஆளைத் தேர்ந்தெடுப்பார், தகுதி இல்லாதவரைத் திருப்பி அனுப்புவார். பின்னாளில் குறுகிய காலப் பயணங்கள் பெருகியபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. பயணி கட்டணம் செலுத்துபவரானார். கட்டணம் செலுத்துபவரை யாரும் 'உங்களுக்கு இந்த வேலை தெரியாதே' என்று சொல்லித் திருப்பி அனுப்பமாட்டார்கள். சமயச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோவின் மதிப்பீட்டின்படி, 2005 வாக்கிலேயே ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கத் தேவாலய உறுப்பினர்கள் இப்படி வெளிநாடு போய் வந்தார்கள். தேவாலயத்துக்கு வெளியே, கல்லூரி மூலமாகவும் தனியார் நிறுவனங்கள் மூலமாகவும் போகிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

வரி அதிகாரி கேட்கும் கேள்வி

இந்தக் கலப்பை நன்கொடையாளர்கள் கவனிக்காவிட்டாலும் வரித்துறைகள் எப்போதோ கவனித்துவிட்டன. அமெரிக்க வரித்துறையின் விதி இது: தொண்டு அமைப்புக்காகப் பயணம் போனவர் தன் செலவுக்கு வரிவிலக்கு கேட்டால், அந்தப் பயணத்தில் கேளிக்கையும் விடுமுறையும் குறிப்பிடத்தக்க அளவில் இருந்திருக்கக் கூடாது. வேலையை மகிழ்ச்சியோடு செய்ததற்காக விலக்கு மறுக்கப்படாது. ஆனால் பெயரளவுக்கு வேலை செய்துவிட்டு, பெரும்பகுதி நேரம் சும்மா இருந்திருந்தால் கிடையாது. தனிநபர் ஒருவரின் பெயரில் இணையத்தில் திரட்டும் பணம் அவருக்குக் கொடுத்த அன்பளிப்பாகவே கொள்ளப்படும். கொடுத்தவர் அதைத் தொண்டு என்று கணக்கில் காட்ட முடியாது. அதனால்தான் தேவாலயங்கள் பணத்தைத் தங்கள் கணக்கில் வாங்கி, பயணி போகாமல் விட்டாலும் தொகை தங்களிடமே இருக்கும் என்று அச்சிட்டு வைக்கின்றன.

பிரிட்டனின் விதி இன்னும் கூர்மையானது. அங்கே ஒரு பவுண்டு நன்கொடைக்கு அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும் திட்டம் உண்டு. கிளிமஞ்சாரோ பயணத்தின் செலவு திரட்டிய நிதியிலிருந்தே கட்டப்படுகிறது என்றால், பயணியின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் போட்ட பணத்துக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. மகன் மலையேற அப்பா பணம் கட்டுவதைத் தர்மம் என்று அரசு ஒப்புக்கொள்வதில்லை. சிங்கப்பூரில் பொதுமக்களிடம் வெளிநாட்டு அறப்பணிக்கென்று பணம் திரட்ட அனுமதி வேண்டும். விலக்கு பெற்றாலொழிய நிகரத் தொகையில் 80 விழுக்காட்டை உள்நாட்டிலேயே செலவிட வேண்டும் என்பது நெடுங்கால விதி. தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இந்த விதி தெரியாது. பிள்ளை பள்ளிச் சீருடையில் டப்பாவோடு நின்றால் அது சட்டப்படிதான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

முப்பதாயிரம் டாலர் வீடு

1998 இறுதியில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராசைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். வட அமெரிக்கத் தேவாலயங்களிலிருந்து குழு குழுவாக இளைஞர்கள் போய் வீடு கட்டினார்கள். கால்வின் கல்லூரியின் சமூகவியலாளர் கர்ட் வேர் பீக் அந்த நாட்டிலேயே வாழ்ந்தவர். அவர் பின்னாளில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்துபோகும் செலவையும் சேர்த்தால் வெளிநாட்டுக் குழு கட்டிய ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் உள்ளூர்க் கொத்தனார்களை வைத்துக் கட்டிய வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்க்கையில், யார் கட்டியது என்பதால் எந்த வேறுபாடும் அவருக்குத் தென்படவில்லை.

'அப்படியானால் பணத்தை மட்டும் அனுப்பிவிட வேண்டியதுதானே' என்று இங்கே சொல்லத் தோன்றும். பலரும் அத்தோடு கட்டுரையை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது அவசரமான முடிவாகப் படுகிறது. தொண்ணூறாம் உறையை எடுத்த பாட்டி ஹோண்டுராசுக்காக அதை எடுக்கவில்லை, பேத்திக்காக எடுத்தார். பேத்தி போகவில்லை என்றால் அந்தத் தொண்ணூறு டாலர் ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பாவுக்குப் போயிருக்காது, பாட்டியின் பையிலேயே இருந்திருக்கும். எனவே ஒரு பயணத்தின் செலவில் பதினைந்து வீடு கட்டலாம் என்ற கணக்கு தாளில் சரி. அந்தப் பதினைந்து வீடுகளுக்கான பணத்தைத் திரட்டித் தரும் முகம்தான் இல்லை. நிதி திரட்டும் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை இது. மக்கள் தங்களிடம் கேட்கும் ஆளுக்குக் கொடுக்கிறார்கள். காரியம் அதற்குப் பிறகுதான்.

பயண அமைப்பாளர்கள் இன்னொரு வாதத்தையும் வைப்பதுண்டு. போய் வந்தவர் வாழ்நாள் முழுவதும் கொடுப்பவராக மாறிவிடுவார், ஆகவே டிக்கெட் செலவு ஒரு முதலீடு என்பார்கள். வேர் பீக் இதையும் விடவில்லை. போய் வந்தவர்களில் பலர் தாங்கள் முன்பைவிட அதிகமாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள்; நன்கொடைப் பதிவேடுகளைப் புரட்டியபோது அந்த உயர்வு அவர்கள் சொன்ன அளவுக்குத் தெரியவில்லை.

வீடாவது வீடு. இரண்டாயிரம் போதும் இடத்தில் முப்பதாயிரம் செலவானாலும் ஒரு குடும்பம் அதில் குடியிருக்கும். குழந்தைகளின் விஷயம் அப்படி இல்லை.

அங்கோர் வாசலில் ஒரு சந்தை

கம்போடியாவின் சியெம் ரியப் நகரம் அங்கோர் கோயில்களின் வாசல். 2008 வாக்கில் ஆண்டுக்கு இருபது லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்துகொண்டிருந்த நாட்டில் 2019-இல் 66 லட்சம் பேர் வந்தார்கள். கெமர் ரூஜ் ஆட்சியின் படுகொலைகளும் அதன் பின்னான போரும் முடிந்து நாடு தலைநிமிர்ந்த காலம் அது. போரின் காயம் ஆறத் தொடங்கினால் அனாதைகளின் எண்ணிக்கை குறையவேண்டும். அதற்கேற்ப அனாதை இல்லங்களும் குறைய வேண்டும். நடந்தது வேறு. யுனிசெஃப் கணக்குப்படி 2005-இல் 154 ஆக இருந்த குழந்தைகள் இல்லங்கள் 2010-இல் 269 ஆகின. ஐந்தே ஆண்டில் 75 விழுக்காடு உயர்வு. அவற்றில் இருந்த 11,945 குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். அரசு நடத்திய இல்லங்கள் மிகச் சில. மற்றவை அனைத்தும் வெளிநாட்டுப் பணத்தையும் வெளிநாட்டு வருகையாளர்களையும் நம்பி நடந்தவை.

பெற்றவர்கள் ஏன் கொடுத்தார்கள்? அரசுப் பள்ளி இலவசம் என்று பெயர்; ஆனால் ஆசிரியருக்கு நாள்தோறும் ஏதாவது தர வேண்டியிருந்தது. சியெம் ரியப்பில் ஆங்கிலம் தெரிந்தால் ஹோட்டல் வேலை, தெரியாவிட்டால் வயல் வேலை. இல்லத்துக்காரர் கிராமத்துக்கு வந்து மூன்று வேளைச் சோறும் ஆங்கிலமும் தருவதாகச் சொன்னால், நான்கு பிள்ளைகள் உள்ள தாய் அவர்களில் ஒருவரை அனுப்பிவைப்பதில் வியப்பில்லை. அவள் பிள்ளையைக் கைவிட்டதாக நினைக்கவில்லை, விடுதிப் பள்ளியில் சேர்த்ததாகவே நினைத்தாள். நம் ஊர்களில் ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைத்த தாய்மார்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

அடுத்து நடந்தவை தன்னார்வப் பயணத்தின் தேவைக்கேற்ப உருவானவை. இல்லத்துக் குழந்தைகள் மாலை நேரங்களில் அப்சரா நடனம் ஆடிக் காட்டினார்கள். சில இல்லங்கள் பிள்ளைகளை இரவு நேரத்தில் பார்கள் நிறைந்த தெருவுக்கு அனுப்பி, நிகழ்ச்சிக்கு வரும்படி வெளிநாட்டவரிடம் துண்டுச் சீட்டு நீட்ட வைத்தன. தோன்லே சாப் ஏரியில் படகுப் பயணம் போகிறவர்களை வழியில் நிறுத்தி, மிதக்கும் கிராமத்து அனாதைகளுக்கென்று அநியாய விலைக்கு அரிசி மூட்டை வாங்கவைப்பதும், அதே மூட்டை மறுநாள் கடைக்குத் திரும்புவதும் பயணிகளிடையே பரவலாகப் பேசப்பட்ட கதை. இன்னும் கொடுமையானது, குழந்தைகள் கொழுகொழுவென்று இருந்தால் உண்டியல் நிறையாது என்பது. அழுக்குச் சட்டையும் ஒழுகும் கூரையும் வருமானம் தந்தன. கூரையைச் சரிசெய்தால் அடுத்த குழுவுக்குக் காட்ட எதுவும் இருக்காது. எல்லா இல்லமும் இப்படி என்று சொல்ல முடியாது. மனசாட்சியோடு நடந்தவையும் இருந்தன. ஆனால் வருகையாளரின் பணத்தை நம்பி நிற்கும் இல்லத்துக்கு, குழந்தையைத் தாயிடம் திருப்பி அனுப்புவது வருமானத்தைத் திருப்பி அனுப்புவதாகத்தான் இருந்தது.

கம்போடியாவின் பட்டம்பாங் நகரில் நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ஆஸ்திரேலிய இளம்பெண் தாரா விங்க்லர் 2007-இல் கம்போடிய நண்பர் ஒருவருடன் சேர்ந்து, மோசமான ஓர் இல்லத்திலிருந்து 14 குழந்தைகளை மீட்டு, தானே ஓர் இல்லம் தொடங்கினார். ஊரில் நிதி திரட்டினார், நாடே பாராட்டியது. அவர் கெமர் மொழி கற்றுக்கொண்டு பிள்ளைகளோடு சரளமாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் இருப்பது தெரிந்தது. அதன் பிறகு அமைப்பின் வேலையையே மாற்றினார். குழந்தைகளைக் குடும்பங்களிடம் சேர்ப்பது, குடும்பம் உடையாமல் தாங்குவது என்று ஆனது. கவனிக்க வேண்டியது மொழி. இரண்டு வாரத்துக்கு வந்துபோகும் தன்னார்வலர் எவருக்கும் அந்தக் கேள்வியைக் குழந்தையிடம் கேட்கவே வழியில்லை.

நேபாளத்தில் இதன் இருண்ட பக்கம் இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்ட் போர் நடந்த காலத்தில், ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களின் பெற்றோர், படிப்பும் பாதுகாப்பும் கிடைக்கும் என்று நம்பி, தரகர்களிடம் பணம் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். காத்மாண்டு வந்ததும் தாய் தந்தை இறந்ததாகக் காகிதம் தயாரானது. அன்றைய 75 மாவட்டங்களில், நாட்டின் குழந்தைகள் இல்லங்களில் 90 விழுக்காட்டுக்கு அருகில் ஐந்தே மாவட்டங்களில் இருந்தன: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்காரா இருக்கும் காஸ்கி, சிட்வன். நேபாளம் போன எவருக்கும் இந்தப் பட்டியல் புரியும். வெளிநாட்டுப் பயணிகள் போகும் இடங்கள் அவை. அனாதைகள் அதிகம் பிறக்கும் இடங்கள் அல்ல. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அரசு தடை விதித்தது காரணம் இல்லாமல் அல்ல.

நிதி கேட்கும் கடிதங்களில் 'உலகில் 14 கோடி அனாதைகள்' என்ற வரி அடிக்கடி வரும். யுனிசெஃப் 2015-க்குச் சொன்ன எண்தான் அது, பொய் இல்லை. பெற்றோரில் ஒருவரை இழந்தவர்களும் அதில் அடக்கம். இருவரையும் இழந்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி. அவர்களிலும் பெரும்பாலோர் பாட்டி, மாமா, அத்தை வீடுகளில் வளர்கிறார்கள். கடிதத்தில் முதல் எண் மட்டும் இருப்பதும் இரண்டாம் எண் இல்லாததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஓடி வந்து கட்டிக்கொள்ளும் குழந்தை

போய் வந்தவர்கள் சொல்லும் கதைகளில் தவறாமல் ஒன்று வரும். 'உள்ளே நுழைந்ததுமே குழந்தைகள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள்.' தன் பயணம் பயனுள்ளது என்பதற்கு அவர் காட்டும் சான்று அது. குழந்தை உளவியல் தெரிந்தவர் காதில் அது அபாய மணியாகக் கேட்கும். வீட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தை புதியவரைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். முன்பின் தெரியாதவரிடம் தாவி ஏறும் குழந்தை, யாரும் நிலையாக இல்லாமல் வளர்ந்த குழந்தை. ஆய்வாளர்கள் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-இல், எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளின் இல்லங்களுக்கு வரும் தன்னார்வலர்களைப் பற்றி எழுதியபோது இதைத்தான் சுட்டினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து பாசம் காட்டி, அழுது விடைபெற்றுப் போகிறார். குழந்தைக்கு அது இன்னொரு கைவிடல். இல்லங்களில் வளர்வது மூளை வளர்ச்சியையே பாதிக்கிறது என்பதை 2000-இல் ருமேனியாவில் 136 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு காட்டியது. இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதுவும் சிறு வயதிலேயே போனவர்கள், தேறினார்கள்.

ஒரு பக்கக் குறிப்பு. பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ குழந்தைகளோடு வேலை செய்யக் காவல்துறைப் பதிவேட்டுச் சரிபார்ப்பு வேண்டும். அதே நாட்டுக்காரர் கட்டணம் கட்டிவிட்டு வேறொரு நாட்டின் குழந்தைகள் விடுதியில் இரவு தங்க முடிந்தது. கென்ய இல்லம் ஒன்றில் தன்னார்வலராக இருந்த ஓக்லஹோமா இளைஞர் ஒருவருக்கு, குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிந்ததற்காக 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் 40 ஆண்டுச் சிறை விதித்தது. அவரும் முறையாக ஏற்பாடு செய்த தன்னார்வப் பயணத்தில்தான் போயிருந்தார்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் மாமல்லபுரம் பகுதி ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 2007-இல் வெளியான ஒரு கட்டுரையை வைத்து உச்ச நீதிமன்றம் எடுத்த வழக்கு பத்தாண்டு நடந்து, 2017 மே மாதம் தீர்ப்பானது. நாட்டிலுள்ள இல்லங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்து தணிக்கை செய்ய வேண்டும் என்ற உத்தரவு அதிலிருந்து வந்தது. டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊர்ப்பக்கத்து இல்லத்துக்குப் பணம் கொண்டுவரும் தமிழர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டுக் குடிமகன் இந்தியாவில் ஓர் அமைப்புக்குப் பணம் தந்தால், அந்த அமைப்பு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றதாக இருக்க வேண்டும். உறையில் வைத்துக் கையில் கொடுத்தாலும் அதே சட்டம்தான்.

விமானங்கள் நின்றபோது

2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றன, தன்னார்வலர்களும் நின்றார்கள். கென்ய அரசு இல்லங்களில் இருந்த குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது. பெருந்தொகையானோர் போனார்கள். போக வீடு இருந்தது, வீட்டில் ஆளும் இருந்தது. எந்தத் தயாரிப்பும் இல்லாமல், கையில் அரிசியோ பள்ளிச் செலவோ தராமல் அவசரமாக அனுப்பியதால் பல குடும்பங்கள் திணறின. அதை வெற்றிக் கதையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 'இவர்களுக்கு யாருமில்லை' என்று அதுவரை எழுதிய கடிதங்களுக்கு அதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

அதற்கு முன்பே காற்று மாறத் தொடங்கியிருந்தது. பிரிட்டனின் ரெஸ்பான்சிபிள் டிராவல் நிறுவனம் 2013-லேயே குழந்தைகள் இல்லப் பயணங்களை விற்பனையிலிருந்து நீக்கியது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைக் கடத்துவதும் அதன் ஒரு வடிவம் என்று ஏற்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்று, சுற்றுலாவோடு பிணைந்த இல்லத் தன்னார்வப் பணியின் கேடுகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டது. கம்போடியா 2017-இல் வெளியிட்ட கணக்கில் 406 இல்லங்களும் அவற்றில் 16,579 குழந்தைகளும் இருந்தார்கள். ஐந்து மாகாணங்களில் 30 விழுக்காட்டினரைக் குடும்பங்களிடம் சேர்ப்பது என்று இலக்கு வைத்தது. கென்யா 2017 இறுதியில் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தி, 2022-இல் பத்தாண்டுத் திட்டம் போட்டது.

ஆகவே இன்று ஒரு மாணவர் நிதி திரட்ட உதவி கேட்டு வந்தால் என்ன செய்வது? நான் அவரிடம் முதலில் இரண்டு தொகைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்வேன். 'என் பயணத்துக்கு இவ்வளவு. அங்கே தரப்போவது இவ்வளவு.' பாட்டி பேத்தியின் டிக்கெட்டுக்குப் பணம் தருவதில் எந்த இழுக்கும் இல்லை. ஊர் உலகம் பார்த்து வரட்டும் என்று தரலாம். ஏழைக் குழந்தையின் படத்தைக் காட்டி அதை வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது தொகை அந்த நாட்டவர் நடத்தும் அமைப்புக்கு, அவர்கள் கேட்கும் செலவுக்குப் போக வேண்டும். பயணி எந்தக் குழந்தையையும் தொட்டுத் தூக்க வேண்டிய அவசியமில்லாத வேலை ஏதேனும் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கணக்கர், கணினி தெரிந்தவர், செவிலியருக்குப் பயிற்சி தரக்கூடிய செவிலியர் இவர்களுக்கெல்லாம் அங்கே வேலை இருக்கிறது. பதினேழு வயது மாணவருக்குப் பெரும்பாலும் இல்லை, கற்றுக்கொள்வதைத் தவிர. கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று எழுதினால் பணம் கொஞ்சம் குறைவாகத்தான் சேரும்.

இல்லங்களுக்கு ஏற்கெனவே ஆண்டுதோறும் அனுப்புகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். சட்டென்று நிறுத்தினால் 2020-இல் கென்யாவில் நடந்ததுதான் நடக்கும். படிப்படியாக இல்லத்தைப் பகல்நேரப் பள்ளியாகவோ குடும்ப உதவி மையமாகவோ மாற்ற ஒப்புக்கொள்ளும் நிர்வாகத்துக்கு, அந்த மாற்றம் நடக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பைவிட அதிகப் பணம் தேவைப்படும். அதன் பிறகு செலவு இறங்கும். தான்சானியாவின் காகேரா பகுதியில் ஒரு குழந்தையை இல்லத்தில் வைத்துக்கொள்ள ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. வளர்ப்புக் குடும்பத்துக்கு உதவுவதைவிட அது ஏறக்குறைய ஆறு மடங்கு என்று உலக வங்கி ஆய்வொன்று கண்டது. அந்த மாற்றத்தை நடத்தப் போவது உள்ளூர்ச் சமூகப் பணியாளர்கள். மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் அத்தைகளையும் தாத்தாக்களையும் தேடிக் கண்டுபிடித்து, குழந்தை திரும்பிய பிறகும் மாதாமாதம் எட்டிப்பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். இப்போதைக்கு எந்த நிதிக் கடிதத்திலும் அவர்களுடைய சம்பளத்துக்கு ஒரு வரி இல்லை.